மேனேஜரின் வாலுக்கு மண்டகப்படி

மேனேஜரின் வால் கூண்டுக்கு வெளியே வந்த காலை எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற காலையாக இருந்ததால், அதைப் பார்த்து ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. நான்கு நாளைக்கு ஒரு தடவை ஒன்றேகால் மணி நேரம் வருகிற தண்ணீருக்காகக் குடங்களோடு நின்ற பெண்கள், செல்லக்கனி அக்கா வீட்டு வாசலிலிருந்து படியிறங்கி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, குழாயடி வரைக்கும் சாம்பலும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்று கிடந்த அந்த அணில் வாலைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு நிமிர்ந்து குடம் நிறைந்துவிட்டதா என்று பார்த்தார்கள்.

"தாண்டாதீங்க. படுத்திருக்க பிள்ளையத் தாண்டுன மாதிரி, வளத்தி நின்னுரும்" என்று சொன்னது என் அம்மா. வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. அவள் சொன்னதுதான் தாமதம், அன்றிலிருந்து அந்த வாலை யாரும் தாண்டவில்லை. வடசிறகு வீட்டுக்காரர்கள் தென்சிறகுக்குப் போகவேண்டுமானால் வால் நுனி வரை நடந்து, நுனியைச் சுற்றிக்கொண்டு, அதே தூரம் திரும்பி நடந்தார்கள். எதிர்வீட்டில் உறைமோர் வாங்கப் போன அம்மா திரும்பி வருவதற்குள் வீட்டில் பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. வளர்ச்சி நின்றுபோனால் என்ன கெட்டுப்போகும் என்று நான் கேட்டேன். வளர்கிற ஒன்றை நிறுத்துவது பாவமில்லையா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். இப்படித்தான் எங்கள் தெருவில் விவாதம் நடக்கும். கேள்விக்குக் கேள்வி போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாலைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஒரு வால் வளரலாம், வளராமல் இருக்கலாம், அது வாலின் பாடு. என் வழக்கெல்லாம் மனுஷர்களோடு.

மேனேஜர் யாரென்றால், போன வருஷத்து ஐப்பசிக் காற்றில் தென்னையிலிருந்து கூட்டோடு விழுந்து, கண் திறக்காமல், வேர்க்கடலை அளவில் செல்லக்கனி அக்காவின் பீடிச் சுளகுக்குள் வந்து கிடந்தவன். அக்காவுக்கு முப்பத்தாறு வயது, தாயும் போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை, மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் அந்திவரை இலை வெட்டிச் சுருட்டுகிறவள். பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரில் ஆட்டுப்பால் எடுத்து, பஞ்சில் பொதிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டாக அவனை உயிர் பிழைக்கவைத்தாள். கண் திறந்ததும் அவன் எதையும் நேராகப் பார்க்கவில்லை. பாஸ்புக்கை நீட்டுகிறவர்களை பேங்க் மேனேஜர் பார்ப்பதுபோல ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒற்றைக்கண்ணால் பார்த்தான், அதனால் அந்தப் பெயர். எதிர்வீட்டுப் பூனைக்குப் பயந்து அக்கா பழைய கோழிக்குஞ்சுக் கூண்டில் அவனை வைத்தாள். பூனை செத்த பிறகும் கூண்டு இருந்தது. வால் வெளியே வந்த நாளிலிருந்து கூண்டுக் கதவைச் சாத்த முடியவில்லை, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வால் கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, ஆகவே கதவு திறந்தேதான் கிடந்தது.

இரண்டாவது வாரம் வால் ரேஷன் கடையைத் தொட்டது, கடைக்காரர் கார்டுக்காரர்களை வாலையொட்டி வரிசையாக நிற்கச் சொன்னார், முதல் தடவையாக அந்தக் கடையில் வரிசை நேராக இருந்தது. மூன்றாவது வாரம் அது பஸ் திரும்புகிற முக்கை மறித்தபோது லைன்மேன் ஒருவர் ஏணியோடு வந்து, கம்பத்துக்குக் கம்பம் கொக்கி அடித்து, தெருவுக்கு மேலாக அதைத் தூக்கிக் கட்டிவிட்டு, மஞ்சள் பெயின்ட்டால் எண்ணும் போட்டுவிட்டுப் போனார். கட்டிய இடம் போக மற்ற இடங்களில் வால் தாழ்ந்து வாசல்களில் கிடந்தது. குழந்தைகளை அதன்மேல் கிடத்தினால் ஏணைத் தொட்டில் தேடி அழவில்லை. கணக்கு டீச்சர் மூன்றாம் வகுப்பை வெயிலில் நடத்திக்கொண்டுபோய் வாலில் மீட்டர் சொல்லிக்கொடுத்தார். மழை வந்தால் அவரவர் வாசலில் கிடந்த பங்கை அவரவர் வீட்டுக்குள் இழுத்துவைத்தார்கள், ஆகவே மழை பெய்கிற நேரமெல்லாம் வால் ஒரு வீட்டின் ஜன்னலில் நுழைந்து, அடுத்த வீட்டின் சமையலறையைக் கடந்து, அதற்கடுத்த வீட்டில் துணி காயப்போட்ட கொடிமேல் ஏறி இறங்கிப் போனது. ஒன்பது வருஷமாகப் பேசாத இரண்டு ஓரகத்திகள் நடுச்சுவரின் இரண்டு பக்கமும் நின்று, "உங்க பக்கம் கொஞ்சம் லூஸா விடுங்க மதினி" என்று பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள்.

கூட்டத்தைக் கூட்டியவர் மாவு மில் ஆவுடையப்பன் அண்ணாச்சி. அம்மன் கோவில் கொடைத்திருவிழாக் கமிட்டி அவர் கையில், ஆகவே தெருவில் எது இரண்டு நாளைக்குமேல் நிலைத்தாலும் அது அவர் கைக்குப் போய்விடும். மில்லின் பெல்ட்டை நிறுத்திவிட்டு, மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "இது இனிமே கனி வீட்டு வாலுன்னு யாரும் சொல்லப்பிடாது. தெரு வாலு. ஒரு பொம்பள எத்தன நாளைக்குத் தனியா தீனி போடுவா? கோவில்ல நடக்க மாதிரி மண்டகப்படி வச்சிருவோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அன்னைக்கு அந்த வீட்டுப் படியளப்புதான். அந்த உரிமைல வேற ஆளு கைவைக்கப்பிடாது."

டெய்லர் மைதீன் பாய், "எங்களுக்கும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வாலு உம்ம வாசல்ல கெடக்கா, இல்லையா?"

"என் மெஷினுக்கு மேலயே கெடக்கு."

"அப்ப வெள்ளிக்கிழம உமக்கு. அளவெடுக்க வேலையும் உமக்குத்தான்."

அப்படி, வெள்ளிதோறும் தொழுகை முடிந்து மைதீன் பாய் கழுத்து டேப்போடு வந்து அளந்து, மில் சுவரில் கரியால் எழுதினார். செல்லக்கனி அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கூட்டத்துக்கு வந்திருந்தாள், கடைசியில் நின்று, மடியில் சுளகில்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

மண்டகப்படியில் ஒரு விதி உண்டு, எழுதாத விதி: முந்தின நாள் வீட்டைவிடக் குறைந்து செய்தால் மானம் போகும். சாமி கல், அதற்கு வயிற்றுவலி வராது. அணிலுக்கு முதல் நாள் ஒரு கைப்பிடி கடலை வந்தது, இரண்டாம் நாள் முந்திரிக்கொத்து, மூன்றாம் நாள் வாழையிலையில் நெய் மிதக்கிற அல்வா, நான்காம் நாள் கிரீம் பிஸ்கட்டும் ரோஸ்மில்க்கும், வெள்ளியன்று பாய் வீட்டு நெய்ச்சோறு, ஞாயிறன்று மேரி டீச்சர் வீட்டிலிருந்து ஐசிங் போட்ட கேக், மேலே 'வால்' என்று க்ரீமில் எழுதி. மேனேஜர் தின்றான். அவன் தலைக்குப் பின்னால் ஒரு தெருவே பசித்துக்கொண்டிருந்தது, தின்னாமல் என்ன செய்வான்.

பத்தே நாளில் வால் கொட்டியது. பஞ்சு வெடித்ததுபோல முடி தெருவெல்லாம் பறந்து சாம்பாரில் விழுந்தது, எண்ணெய்ப் பிசுக்கேறிய சொட்டைகள் வாசலுக்கு வாசல் தெரிந்தன, யார் வாசலில் சொட்டையோ அவர்கள் படியளப்பில்தான் குறை என்று பேச்சு எழுந்தது, ஓரகத்திகள் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்போதுதான் என் நேரம் வந்தது.

நான் விலங்கியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. தெருவில் என்னை யாரும் முத்தரசி என்று கூப்பிட்டதில்லை, எம்மெஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் பாதி மரியாதை பாதி நக்கல். அன்று மில்லில் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். அணில் என்ன பலகாரக்கடையா என்று கேட்டேன். ஒரு பிராணியின் மேல்முடியைப் பார்த்து அதன் குடலைச் சொல்லிவிடலாம், சீனியும் மைதாவும் ஈரலைக் கெடுக்கும், வறுத்த கடலையில் பூஞ்சை இருக்கும், சூரியகாந்தி விதையை மட்டும் கொடுத்தால் எலும்பு பொடிந்துபோகும் என்றேன். சட்டையில் காபி கொட்டினால் துவைக்கிறோம், வயிற்றில் கொட்டினால் எதைத் துவைப்பது என்றேன்.

"அப்போ பட்டினி போடச் சொல்லுதியா தாயி?" என்றார் அண்ணாச்சி.

"தின்னுறதத்தான் சொல்லுதேன், அண்ணாச்சி. மண்டகப்படி மண்டகப்படியாவே இருக்கட்டும். எந்த வீடு என்ன போடணும்னு நான் எழுதித் தாறேன். கூடவும் பிடாது, குறையவும் பிடாது."

"கூடப்பிடாதுன்னா எப்படி? நேத்து வீட்டுக்கும் இன்னைக்கு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"முருங்கக்கீரை எவ்வளவு இளசுங்கிறதுல வித்தியாசம் காட்டுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஊறவைத்த பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் காலையில், முருங்கைக்கீரை, வெள்ளரி, கொய்யாக்காய், தோலோடு ஒரு துண்டு ஆப்பிள், ஓட்டோடு கடிக்க ஒரே ஒரு பாதாம், வாரத்துக்கு ஒரு நாள் அவித்த முட்டையில் கடுகளவு, முடி மினுங்க ஒரு சிட்டிகை எள், பல் தேய கொய்யாக் கொம்பு, சுண்ணாம்புச்சத்துக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து கணவாய் ஓடு, காலைவெயில் அரை மணி நேரம். எழுதிக்கொண்டுபோய் முதல் பிரதியைச் செல்லக்கனி அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டினேன். பசை காய்கிற வரை அக்கா என் பின்னால் நின்று எதையோ கேட்டாள். நான் கணவாய் ஓட்டை எப்படி ஊறவைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றே வாரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்பாவிட்டால் போங்கள், அந்த வால் பட்டுநூலைப் போட்டு நெய்ததுபோல ஆனது. சாம்பலுக்கு அடியில் ஒரு செம்மை வந்தது, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு வெள்ளைப்பொட்டு, காற்றடித்தால் தெரு முழுக்க ஒரு அலை ஓடி ரேஷன் கடைப் பக்கம் அடங்கியது. நாளொன்றுக்கு எட்டு முழம் வளர்ந்தது. பெண்கள் முறைவைத்துச் சீவினார்கள், வெள்ளிக்கிழமை பிச்சிப்பூ சுற்றினார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தலுக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிப்போகட்டும் என்று கொக்கியை மாற்றித் தரக் கேட்டார்கள். எனக்கு மில்லில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் விளக்கப்படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். நான் கல்லூரியில் எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷமாக இருந்தேன், மறைப்பதற்கில்லை.

நான் கூண்டுப் பக்கம் போனது அதற்கும் பிறகு. கட்டுரை ஒன்று எழுதலாம் என்ற எண்ணத்தில், எடை போடுகிற சின்னத் தராசைத் துறையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கூண்டில் வால் நிறைந்திருந்தது, மேனேஜரைக் காணவில்லை. விரலால் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். வாலின் அடியில், கூண்டின் மூலையில், என் கட்டைவிரல் அளவில் அவன் இருந்தான். முதுகின் மூன்று கோடும் மூன்று நூலாகியிருந்தன. கண் மட்டும் பழைய அளவில் இருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக்கண்ணால் என்னைப் பார்த்தான்.

மாசியில் ஒரு தடவை நான் விளையாட்டாக நிறுத்துப் பார்த்தபோது அவன் நூற்றுப் பன்னிரண்டு கிராம் இருந்தான். வாலின் பாரத்தைப் பக்கத்தில் சுளகில் தாங்கவைத்து, உடம்பை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்தேன்: முப்பத்தொன்று.

"ஏன்க்கா சொல்லல?"

"யாருட்ட?" என்றாள் அக்கா.

நான் ஓடினேன். எண்களோடு போனால் மனுஷர்கள் கேட்பார்கள் என்று எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. மில்லில் அண்ணாச்சியும் மைதீன் பாயும் ஆடி கடைசி வெள்ளிக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று கொடை, அன்றைக்கு வால் நுனி ஊர் முகப்பு வளைவைத் தொடவேண்டும் என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது.

"அண்ணாச்சி, அணிலு தேயுது. போடுற சத்து பூராவும் வாலுக்குப் போகுது. முப்பத்தோரு கிராம்தான் இருக்கு. இப்படியே போனா கொடைக்கு முன்னாடி செத்துப்போகும்."

"வாலு எப்படி இருக்கு?"

"வாலு நல்லாத்தான் இருக்கு. நான் சொல்லுறது—"

"உன் சார்ட்டுதான தாயி ஓடுது? அதுல ஒரு வரி மாத்துனமா? பாய், மாத்துனமா?"

"ஒரு எள்ளு கூடக் கூட்டல" என்றார் பாய்.

"பெறவு என்ன? நீயே சத்தா எழுதிக் குடுத்த, நீயே தேயுதுன்னு சொல்லுத. படிச்ச பிள்ளைக்கு ஒரு பேச்சு வேண்டாமா?"

அவர்கள் கல் நெஞ்சுக்காரர்களாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அண்ணாச்சி மழையில் நனைந்துகொண்டு வாலைத் தோளில் தாங்கியவர், பாய் அளக்கும்போது முடி சுருளாமல் ஊதி ஊதி டேப் வைக்கிறவர், என் அம்மா வெயில் காலத்தில் வாலுக்கு விசிறுகிறவள். இவ்வளவு பிரியம் உள்ளவர்கள் இத்தனை வாரத்தில் ஒருவராவது அக்கா வீட்டுப் படியேறிப் போய் வாலின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. படியளப்பைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினார்கள். அதிர்ச்சி என்றால் வால் நீண்டதல்ல, இதுதான்.

ஆனால் பாருங்கள், அப்போதும் நான் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சார்ட்டைத் திருத்தினேன். முட்டையைக் கடுகளவிலிருந்து பட்டாணி அளவாக்கினேன், எள்ளை நிறுத்தினேன், பயறைக் கூட்டினேன். கூட்டத்தில் மறுபடி பேசினேன், மறுபடி ஜெயித்தேன். வால் இன்னும் கறுத்து மினுங்கியது, நாளொன்றுக்குப் பத்து முழமாகியது. மேனேஜர் பத்தொன்பது கிராமானான்.

ஆடி கடைசி வெள்ளி உச்சிவேளையில் தெருவில் ஒரு மனுஷ நடமாட்டம் இல்லை. எல்லோரும் வளைவுக்குப் போயிருந்தார்கள், கொட்டுச் சத்தம் அங்கிருந்து கேட்டது. நான் தராசோடு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு. ஒரு கொட்டைப்பாக்கு.

"அக்கா, ராத்திரிக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் குடுத்துப் பார்ப்போம். பாலாடை வேண்டாம், வெறும்—"

"எம்மெஸ்ஸி" என்றாள் அக்கா. இலை வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "நான் தினமும் அதத் தாண்டுதேன். தெரியுமா?"

"எத?"

"வாலத்தான். காலைல ஒரு தடவ, அந்திக்கு ஒரு தடவ. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். வளத்தி நின்னுராதான்னு. நிக்கவே மாட்டேங்கு." கத்தரி ஒரு இலையை வெட்டியது. "உன் சார்ட்டு அம்புட்டு நல்லா வேல செய்யுது."

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன்.

"நீ அந்தக் காயிதத்த ஒட்ட வந்தேல்லா, அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். இவன் பொழைக்கணும்னா வால வெட்டிவிட்டு மரத்துல விட்டுரட்டான்னு. வலிக்குமா வலிக்காதான்னு. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"கணவா ஓட்ட ராத்திரியே ஊறப்போட்டுரணும்ன."

அந்த நேரத்தில் கொட்டு நின்றது. பிறகு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும், வால் நுனிக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு சாண் குறைந்திருக்கிறது. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்திருக்கிறது. தேர் வடம் பிடிப்பதுபோல எல்லோரும் ஒரு கை போட்டால் வந்துவிடும் என்று யாரோ சொல்ல, ஊர் மொத்தமும் பிடித்து, அண்ணாச்சி குரல்கொடுக்க, இழுத்திருக்கிறார்கள்.

நாங்கள் பார்த்தது இது: வாசல் வாசலாகத் தாழ்ந்து கிடந்த வால் வரிசையாக எழும்பியது. கொக்கிகள் கிறீச்சிட்டன, பிச்சிப்பூ தெறித்து விழுந்தது, தெருவுக்கு மேலே வால் கொடிக்கயிறுபோல விறைத்தது. கூண்டு ஒரு தடவை ஆடியது. பிறகு கூண்டுக்குள்ளிருந்து, மூன்று மாதமாகத் திறந்தே கிடந்த அந்தக் கதவு வழியாக, மேனேஜர் பின்புறமாக இழுபட்டு வந்தான். நான்கு காலையும் பரப்பித் தரையைப் பிடித்தான், சிமென்டில் நகம் கீறுகிற சத்தம் ஊசியால் ஸ்லேட்டில் எழுதுவதுபோலக் கேட்டது, படியில் விழுந்தான், இரண்டாவது படியில் விழுந்தான். கத்தவில்லை. ஒற்றைக்கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே போனான்.

அக்கா சுளகைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டே எட்டில் படியிறங்கி, வால்மேல் காலை வைத்து மிதித்தாள். மிதித்து நின்றாள். அந்தப் பக்கம் முந்நூறு பேர், தேர் இழுத்துப் பழகிய கைகள். இந்தப் பக்கம் வெடித்துப்போன ஒரு குதிகால். வால் நின்றது. அவள் குனிந்தாள், கையில் இலைக்கத்தரி.

"அக்கா, அதுக்குள்ள எலும்பு இருக்கு. அடியில பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு ஓடும். தப்பான கணுல வெட்டுனா ரத்தம் நிக்காது, முதல்ல ஒரு நூல வச்சு இறுக்கிக் கட்டி, மஞ்சளோ—"

இந்த வாக்கியத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வெட்டிவிட்டாள்.

வால் சாட்டைபோலக் காற்றில் சீறித் தெருவைத் தாண்டிப் போனது. மேனேஜர் அக்காவின் உள்ளங்கையில் கிடந்தான். அரை விரற்கடை வால் மிச்சமிருந்தது, ஒரு துளி ரத்தம், புகையிலைத் தூளை அதன்மேல் அப்பிக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தாள், பீடி சுற்றுகிறவர்கள் கத்தரி பட்டால் தங்கள் விரலுக்குச் செய்வதுபோல. நான் எண்பதுவரை எண்ணினேன். அவன் தலையைத் தூக்கினான். அக்கா கையைக் கொல்லை முருங்கைமரத்துக்கு எதிரே நீட்டினாள். வாலில்லாத உடம்பு முதல் தாவலில் தடுமாறி, பட்டையைப் பிடித்து, மேலே போய்விட்டது. அக்கா பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் ஒட்டிவிட்டுப் போன விளக்கப்படத்தின் முதல் பிரதியைச் சுவரிலிருந்து கிழித்து, சிந்திய புகையிலைத் தூளை அதில் கூட்டி அள்ளினாள்.

நான் வளைவுக்கு ஓடினேன். வாலைக் காணாத தெரு எவ்வளவு அகலம் என்று ஓடும்போதுதான் தெரிந்தது. அங்கே குலவைச் சத்தம். வால் வளைவைத் தொட்டது மட்டுமில்லை, ஒன்பது சாண் தாண்டிப் போய்விட்டதாம், ஒரே இழுப்பில் அப்படி ஒரு வளர்த்தி வந்ததை யாரும் பார்த்ததில்லையாம். ஆண்கள் சிலர் மல்லாக்க விழுந்து புழுதியோடு எழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மைதீன் பாய் டேப்பை மடித்துப் பையில் வைத்தார், கண் கலங்கியிருந்தது. வெட்டுப்பட்ட அடிப்பக்கம் எல்லோர் காலடியிலும் கிடந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை; பார்த்தவர்களும் அது இன்னொரு நுனி என்று நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் அதற்கும் என் அம்மா பூ வைத்திருந்தாள்.

"அணிலு போயிட்டு" என்றேன் மூச்சிறைக்க. "அண்ணாச்சி, கேளுங்க, அணிலு போயிட்டு."

அண்ணாச்சி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, என்னை அன்போடு, கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

"எந்த அணிலு தாயி?"

நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். நடிக்கவில்லை. ஒருவர்கூட நடிக்கவில்லை.

அது நடந்து நான்கு மாதமாகிறது. மேனேஜர் முருங்கையில் இருக்கிறான், பழைய உருவத்துக்கு வந்துவிட்டான், எலி போன்ற பின்புறத்தோடு, கிளையில் சமாளிக்கக் கற்றுக்கொண்டு, கண்டதைத் தின்றுகொண்டு; முடி சுமார்தான். அக்கா கொல்லைக் கதவைச் சாத்துவதில்லை, அவ்வளவே. வால் கோவில் மண்டபத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் வளர்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. ஊறவைத்த பயறும் இளங்கீரையும் இலையில் வைத்து நடை சாத்தினால், திறக்கும்போது இலை காலியாக இருக்கிறது. நான் வேவு பார்த்திருக்கிறேன், எலி இல்லை, பூசாரியும் இல்லை.

போன வாரம் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி இறங்கினார். மார்கழிப் பனியில் வாலில் கொஞ்சம் வறட்சி தட்டுகிறது, மினுக்கம் குறைவாக இருக்கிறது, பிள்ளைகள் தொட்டால் முடி கையோடு வருகிறது என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவரிடம் சொல்வதற்கு நான்கு மாதமாக மனசுக்குள் திருத்தித் திருத்தி ஒரு பேச்சை வைத்திருந்தேன், ஒரு ஓட்டை இல்லாத பேச்சு, நாற்பது நிமிஷப் பேச்சு. வாயைத் திறந்தேன்.

"நிறுத்துன எள்ள மறுபடி சேருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். "கருப்பு எள்ளு. ஒரு சிட்டிகை போதும்."